ஆலயத்தில் இராத் தங்கல்

யாக்கோபு தன் தமையனுக்கு அஞ்சிப் பெயெர்செபாவை விட்டு ஆரான் நோக்கிப் புறப்பட்டான். வழியிற் பொழுது சாய்ந்தது. தங்குதற்கு மனையில்லை, வரவேற்பாரும் இல்லை. அங்கே கிடந்த கல்லொன்றைத் தலைக்கு வைத்துத் தரையிற் படுத்தான். அன்றிரவு விண்ணளாவிய ஓர் ஏணியையும், அதில் ஏறுவாரும் இறங்குவாருமாகிய தூதரையும் கனவிற் கண்டான். விழித்தபின் அவ்விடத்தின் மாட்சியை எண்ணி நடுங்கி, தலைக்கு வைத்த கல்லையே தூணாக நிறுத்தி, எண்ணெய் வார்த்து, அவ்விடத்திற்குப் பெத்தேல் எனப் பெயரிட்டான். பெத்தேல் என்னும் எபிரெயச் சொல்லுக்குத் 'தேவனுடைய வீடு' என்பது பொருள்.

ஆதியாகமத்து இருபத்தெட்டாம் அதிகாரத்தில் வரும் இவ்வரலாற்றை நாம் ஞாயிற்றுப் பாடசாலையிலேயே கற்றோம். ஆயினும் அதன்கண் ஒன்றை நம்மிற் பலர் உற்று நோக்கியிரார். 'தேவனுடைய வீடு' என்று பெயரிட்டு அழைக்கப்பெற்ற அவ்விடம், கோபுரமும் மதிலும் உடையதன்று. வழிப்போக்கன் ஒருவன் படுத்துறங்கிய வெறுநிலமே யாகும்.

இதனை ஈண்டு எடுத்துரைத்தற்குக் காரணம் உண்டு. பிரிட்டன் தேசத்தில், தொழுகை ஒழிந்த ஆலயங்கள் பல இஞ்ஞான்று வீடுகளாகவும், கடைகளாகவும், நூல்நிலையங்களாகவும், வழிச்செல்வார் தங்கும் விடுதிகளாகவும் மாறியுள்ளன. வேல்ஸ் நாட்டிற் பெத்தேல், சாலேம், எபெனேசர் என்னும் பெயர்களைத் தாங்கிய சிற்றாலயங்கள் ஊர்தோறும் எழுந்தன. அவற்றுட் சிலவற்றில், முகப்பிற் பெயர் பொறித்த கல் அவ்வாறே நிற்ப, உள்ளே அயலார் குடியிருக்கின்றனர். இதனைக் கேட்கும் நம்மனோர் முதலில் முகஞ் சுளிப்பர். ஜெபம் ஏறெடுத்த இடத்திற் பாயை விரிப்பதா? திருவிருந்து பரிமாறிய இடத்தில் முட்டை பொரிப்பதா? இவ்வினாக்களை எளிதில் ஒதுக்குதல் தகாது. ஆராயாது ஒருதலையாகத் தீர்ப்புக் கூறுதலும் தகாது. ஆதலின், அவ்விடுதியின் இயல்பு யாது, ஆலயங்கள் ஒழிந்த காரணம் யாது, மாற்றத்தின் முறை யாது, அது தகுமோ தகாதோ என்னும் நான்கினையும் முறையே ஆராய்வாம்.

விடுதியின் இயல்பு

ஆங்கிலேயர் 'பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்' என வழங்குவது பெரிய ஹோட்டல் அன்று. வீட்டுக்குடையார் பெரும்பாலும் தாமும் அவ்வீட்டிலே குடியிருந்து, சில அறைகளை மட்டும் வழிச்செல்வார்க்குக் கூலிக்கு விடுவர்; இரவிற் படுக்கையும் மறுநாட் காலையில் உணவும் அளிப்பர். முட்டை, வாட்டிய ரொட்டி, பன்றியிறைச்சி, தேநீர் முதலியன அக்காலையுணவிற்கு உரியன. இராவுணவை விருந்தினர் வேறிடத்தில் தேடிக்கொள்ளுதலே பெரும்பாலும் வழக்கம். விருந்தினரும் வீட்டாரும் ஒருவரையொருவர் முகம் பார்த்துப் பேசும் அளவிற் சிறியதாயிருத்தலே இதன் சிறப்பு.

இத்தகைய விடுதி ஓர் ஆலயத்துக்குள் அமைதல் எளிதன்று. ஆலயம் எழுப்பினோர், பலர் ஒருங்கிருந்து பாடுதற்கும் கேட்டற்கும் ஏற்ப, உயர்ந்த ஒரே கூடமாக அதனை எழுப்பினர். விடுதிக்கோ சிறிய பல அறைகள் வேண்டும். ஆகவே கூடத்தின் இடையே மரத்தாலோ இரும்பாலோ ஒரு தளம் இடுகின்றனர். தரைமுதல் மேலோங்கி நின்ற கூர்முகச் சாளரம் இத்தளத்தால் இரண்டாகப் பிரிகின்றது. கீழ்ப்பாதி உண்ணும் அறைக்கும், கூர்நுனியாகிய மேற்பாதி படுக்கை அறைக்கும் உரியவாகின்றன. முன்னாளில் மக்கள் அண்ணாந்து பார்த்த கூரை மரங்களைப் படுக்கையிற் கிடப்பவன் கைக்கெட்டும் அணிமையிற் காண்கின்றான். மக்கள் அமரும் நடுக்கூடத்தை ஆங்கிலத்தில் 'நேவ்' என்பர். அது கப்பலைக் குறிக்கும் 'நாவிஸ்' என்னும் லத்தீன் சொல்லினின்று வந்தது. நம் பழந்தமிழ் 'நாவாய்' என்னுஞ் சொல்லை அது நினைப்பூட்டும். கவிழ்த்து வைத்த கப்பலின் உட்புறம் போன்ற அக்கூரையின்கீழ்ப் படுப்பவன், அப்பெயரின் பொருத்தத்தைக் கண்ணாற் காணலாம்.

குளிர் இவ்விடுதிகளுக்குப் பெரும்பகை. வெப்பக்காற்று மேலே எழும் இயல்பினது. உயர்ந்த கூடத்தில் மூட்டிய கணப்பின் வெம்மை கூரைக்குச் சென்று சேர, தரையில் இருப்பவர் நடுங்குவர். இடைத்தளம் இடுதற்கு இதுவும் ஒரு காரணம். அன்றியும், ஆளின்றி அடைத்துக் கிடந்த ஆலயத்தில் மழைநீர் செல்லும் தூம்பு இலைச்சருகால் அடைபடுமாயின், நீர் சுவருக்குள் இறங்கும், உத்திரத்தின் முனை உளுத்துப்போம், சுண்ணச்சாந்து உதிரும். கூரையிற் குடிகொண்ட வௌவாலை ஓட்டுதலும் கூடாது. பிரிட்டனில் வௌவால்கள் சட்டத்தாற் காக்கப்படுவன. இத்தனைக்கும் ஈடுகொடுத்தே பழைய ஆலயத்தை விடுதியாக்க வேண்டும். எனவே, பலவிடத்தும் ஆலயத்தின் கல் இடிந்து வீழாமற் காத்தது அவ்விடுதிக்காரரின் பொருளே என்பதை மறத்தல் ஆகாது.

இம்மாற்றம் பிரிட்டனுக்கு மட்டும் உரியதன்று. ஹாலந்து தேசத்து மாஸ்டிரிக்ட் நகரிற் பதினைந்தாம் நூற்றாண்டிற் கட்டிய சிலுவைத் துறவியரின் மடமும் ஆலயமும் 2005-ஆம் ஆண்டில் ஹோட்டலாயின. ஆயினும் பிரிட்டனில் இஃது இத்துணைப் பெருகியதற்குத் தனிக்காரணம் உண்டு. அதனை இனிக் காண்போம்.

ஆலயங்கள் ஒழிந்த காரணம்

மக்கள் பக்தி குன்றினர். ஆதலின் ஆலயம் வெறுமையாயிற்று என்று கூறுவது எளிது. அதுவும் மெய்யே, ஞாயிறுதோறும் ஆலயஞ் செல்வோர் தொகை சென்ற நூற்றாண்டின் இடைப்பகுதி தொடங்கி மிகவும் குறைந்துவிட்டது. ஆயினும் அஃது ஒன்றே காரணம் அன்று. சில இடங்களில் மக்களுக்கு வேண்டிய அளவினும் மிகுதியாக ஆலயங்கள் எழுந்தன. அவை எழுந்ததும் பக்தி மிகுதியாலேயே என்பது வியப்பன்றோ?

ஸ்காட்லாந்தின் வரலாறு இதற்குச் சான்று. ஒரு சபைக்குப் போதகரைத் தெரிந்து நியமிக்கும் உரிமை நிலக்கிழார்க்கோ சபையார்க்கோ என்னும் வழக்கு அங்கே பல்லாண்டு நடந்தது. 1843-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் நாள், எடின்பரோ நகரத்துத் தூய அந்திரேயா ஆலயத்திற் பொதுப்பேரவை கூடியபொழுது, தாமஸ் சால்மர்ஸ் முதலியோர் எழுந்து வெளிநடந்தனர். ஏறத்தாழ 470 போதகர்கள் தங்கள் சம்பளத்தையும், குருமனையையும், ஆலயத்தையும் துறந்து சுயாதீன சபையை நிறுவினர். அவர்கட்குக் கூடிவரக் கூரையில்லை. நிலக்கிழார் சிலர் ஆலயங்கட்ட இடந்தர மறுத்தமையால், சபையார் வெட்டவெளியிலும் கடற்கரையிலும் மழையில் நனைந்து தொழுதனர். சூனார்ட் என்னும் கடற்கழிக்கண், நிலங் கிடையாமையால், 1846-ஆம் ஆண்டில் இரும்பாற் செய்த மிதக்கும் ஆலயம் ஒன்றை நீரில் நிறுத்தி, அதன்கண் வழிபட்டனர். ஏழையர் காசுகாசாகத் தந்த பொருளால், சில ஆண்டுகளுக்குள் எழுநூறளவான ஆலயங்கள் எழுந்தன. ஓர் ஆலயம் இருந்த ஊரில் இரண்டாவதும் நின்றது. முன்னரே பிரிந்துபோன வேறு சபையார் இருந்தவிடத்து மூன்றாவதும் நின்றது.

பின்னர்ப் பிரிந்தோர் கூடினர். 1900-ஆம் ஆண்டில் சுயாதீன சபையின் பெரும்பகுதி ஐக்கிய பிரஸ்பித்தேரியன் சபையோடு இணைந்தது; 1929-ஆம் ஆண்டில் அவ்விணைந்த சபையின் மிகப் பெரும்பகுதி ஸ்காட்லாந்துச் சபையோடு ஒன்றாயிற்று. ஒற்றுமை வந்தது, அதனுடன் ஓர் ஊரில் ஒரே சபைக்கு இரண்டு மூன்று கட்டடங்களும் வந்தன. இரண்டையும் பழுதுபார்க்கப் பொருளில்லை. ஒன்று விற்கப்பட்டது. எனவே இன்று ஸ்காட்லாந்திற் பிரயாணி ஒருவன் துயிலும் ஆலயம், ஒருகாற் பிணக்கினால் எழுந்து இணக்கத்தினால் ஒழிந்ததாகவும் இருக்கலாம்.

இவ்வரலாறு நமக்கு முற்றும் அயலானதன்று. ஜான் அண்டர்சன் என்னும் ஸ்காத்து மிஷனெரியார் 1837-ஆம் ஆண்டிற் சென்னையில் ஒரு பாடசாலையைத் தொடங்கினார். 1843-ஆம் ஆண்டின் பிரிவினைச் செய்தி இங்கெட்டியபொழுது, அவரும் அவருடன் உழைத்தோரும் சுயாதீன சபையையே சார்ந்தனர். அப்பாடசாலையே பின்னாளிற் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. தாய்நாட்டில் தமக்கே ஆலயக்கூரை இல்லாத காலத்தில், அச்சபையார் கடல்கடந்த பிள்ளைகளின் கல்விக்கும் பொருள் அனுப்பினர். அவர்கள் அந்நாளிற் கட்டிய ஆலயங்களுட் சில மூடப்பட்டுவிட்டன. அவர்கள் பேணிய கல்வியோ வேற்றுநாட்டில் நிலைபெற்றுள்ளது. கட்டடம் ஒன்றே சபையின் பயன் என்று எண்ணுவார்க்கு இது தக்க விடை.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கே பல ஆலயங்கள் இடைக்காலத்தின. கம்பளி வாணிகத்தாற் செழித்த ஊரார் தம் செல்வத்தைக் காட்டி எழுப்பியனவும் அவற்றுள் உண்டு. பின்னர் ஊர் மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். மக்கள் பெயர்ந்தாலும் கல் பெயராது. வயல் நடுவே ஆலயம் தனியே நின்றது. இங்கிலாந்துத் திருச்சபைக்கு இன்றும் ஏறத்தாழ 16,000 ஆலயங்கள் உள. 1969-ஆம் ஆண்டுமுதல் 1,700-க்கும் மேற்பட்டவை தொழுகைக்கு மூடப்பட்டன.

மாற்றத்தின் முறை

மூடிய ஆலயத்தை எவரும் எவ்வாறும் கொள்ளலாம் என்பதன்று. இங்கிலாந்துத் திருச்சபையில் இதற்கெனச் சட்டம் உண்டு. 1968-ஆம் ஆண்டில் இயற்றிய ஒரு சட்டம் இதனை முதலில் ஒழுங்குபடுத்தியது. இப்போது 2011-ஆம் ஆண்டுச் சட்டம் வழங்குகின்றது. ஆலயத்தை மூடக் கருதுங்கால் அதனை ஊரார்க்கு அறிவித்தல் வேண்டும். மறுப்புடையார் எழுதித் தெரிவிக்கலாம். மூடியபின் மூன்று வழிகள் உள. தக்கதொரு புதுப்பயனுக்குக் கொடுக்கலாம். வரலாற்றுச் சிறப்புடையதாயின் ஆலயப் பாதுகாப்பு அறநிலையத்திடம் ஒப்பிக்கலாம். இரண்டும் இயலாதவிடத்து இடித்துவிடலாம். திருவிருந்துப் பாத்திரங்களும் ஞானஸ்நானத் தொட்டியும் அத்தியட்சரின் ஆணைப்படி வேறு ஆலயத்துக்கோ தக்க பாதுகாப்புக்கோ செல்லும். பிரதிஷ்டையாலாய சட்டக் கட்டுகள் நீங்கிய பின்னரே கட்டடம் பிறர்க்கு உரியதாகும். அப்போதும் இன்னின்ன தொழிலுக்குப் பயன்படுத்தலாகாது என்னும் விலக்குகளை விற்பனைப் பத்திரத்தில் எழுதி வைப்பர்.

பிரஸ்பித்தேரியர், பாப்திஸ்தர் முதலியோர் கொள்கை இதனின் வேறு. கட்டடத்திற்கெனத் தனித்ததொரு பரிசுத்தம் உண்டு என அவர் கொள்ளார். சபை கூடும்பொழுது அது தொழுமிடம். சபை நீங்கியபின் அது கல்லும் மரமுமே. ஆதலின் அவர்தம் ஆலயங்கள் பிறர் கைக்குச் செல்லுதல் எளிதாயிற்று.

கல்லறைகளின் செய்தி மிகவும் நுண்ணியது. ஆலயம் கைம்மாறினாலும், அதனைச் சூழ்ந்து உறங்குவார் அங்கேயே உறங்குவர். பயன்படாதொழிந்த இடுகாட்டின்மேற் கட்டடம் எழுப்புதலை இங்கிலாந்தில் 1884-ஆம் ஆண்டுச் சட்டமொன்று பெரும்பாலும் விலக்கியது. ஆதலின் பலவிடத்தும் விடுதியின் வாயிலுக்குச் செல்லும் வழி கல்லறைகளின் இடையே செல்கின்றது. இதனை ஒருகால் எண்ணிப் பாருங்கள். சாளரத்தின் உட்புறம் விருந்தினன் ஒருவன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகின்றான். வெளிப்புறம் மூதாட்டி ஒருத்தி தன் கணவன் கல்லறையில் மலர் வைக்கின்றாள். அவள் அவ்வாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவளாகவும், மணம் முடித்தவளாகவும் இருக்கலாம். விடுதியின் தகுதி தகாமை பற்றிய முழுவழக்கும் அச்சாளரக் கண்ணாடியின் இருபுறத்திலும் நிற்கின்றது.

இவ்விரு நிலைக்கும் இடைப்பட்ட மற்றொரு வழியும் உண்டு. 1969-ஆம் ஆண்டில் நிறுவிய ஆலயப் பாதுகாப்பு அறநிலையம் 350-க்கு மேற்பட்ட ஆலயங்களைப் பேணுகின்றது. 2014-ஆம் ஆண்டில் நார்தாம்ப்டன்ஷயர்க்கண் உள்ள ஆல்ட்விங்கிள் என்னும் சிற்றூரின் சகல பரிசுத்தவான்கள் ஆலயத்தில், அஃது ஒரு புதுமுறையைத் தொடங்கியது. ஆங்கிலப் புலவர் டிரைடன் 1631-இற் பிறந்த ஊர் அது. அங்கே இடைத்தளம் இட்டிலர், அறை தடுத்திலர், சுவரைத் தொட்டிலர். பகலில் ஆலயம் எவரும் வந்து காண்பதற்குத் திறந்திருக்கும். மாலையில், முன்னரே எழுதிக்கொண்ட விருந்தினர் வந்து, மடக்குக் கட்டிலை நடுக்கூடத்திலே விரித்து, இரவைக் கழித்து, காலையிற் கட்டிலை மடித்துவிட்டுச் செல்வர். இதனை ஆங்கிலத்தில், ஆலயம், பாசறை என்னும் பொருளுடைய இருசொற்களை ஒட்டி, 'சாம்பிங்' என வேடிக்கையாக வழங்குவர். அவர் தரும் பணம் ஆலயங்களின் பழுதுபார்ப்புக்குச் செல்கின்றது. வெம்மையூட்டும் கருவி இல்லை. பலவிடத்துக் குழாய்நீரும் இல்லை. ஆயினும் ஆலயம் ஆலயமாகவே நின்று, இரவிற்கு மட்டும் விருந்தினரை ஏற்கின்றது.

சொற்கள் கூறும் சான்று

இனி, தகுமோ தகாதோ என்னும் வினாவுக்கு வருவோம். தமிழ் கற்கும் மாணாக்கனாகிய யான், நீதிபதியைத் தேடுமுன் சொற்களைச் சாட்சிக்கு அழைக்க விரும்புகின்றேன்.

ஆங்கிலத்திற் சிற்றாலயத்தைச் 'சாப்பல்' என்பர். இதன் வரலாறு அழகியது. தூர் நகரத்து அத்தியட்சராய் விளங்கிய மார்ட்டின் என்பார், இளமையிற் போர்வீரராயிருந்த காலை, ஆமியேன் நகர வாயிலிற் குளிரால் நடுங்கிய இரவலன் ஒருவனைக் கண்டு, தம் மேலாடையை வாளால் இருகூறாக்கி, ஒருகூற்றை அவனுக்கு ஈந்தார் என்பர். அவ்வாடையை லத்தீனிற் 'காப்பெல்லா' என்றனர்; அதாவது சிறு மேலாடை. அதனைப் போற்றிவைத்த இடத்துக்கும் அப்பெயரே ஆயிற்று. பின்னர்ச் சிறிய தொழுமிடம் எல்லாவற்றுக்கும் பரவிற்று. எனவே 'சாப்பல்' என்னும் பெயரின் அடியிற் கிடப்பது கல்லன்று. நடுங்குவோனுக்குப் பகுத்தளித்த போர்வை. 'ஹாஸ்பிட்டல்', 'ஹாஸ்டல்', 'ஹோட்டல்' என்னும் மூன்றும், விருந்தினனையும் விருந்தேற்பவனையும் ஒருங்கே குறிக்கும் 'ஹாஸ்பெஸ்' என்னும் ஒரே லத்தீன் சொல்லின் மக்கள். நோயாளிக்கும், மாணாக்கனுக்கும், வழிப்போக்கனுக்கும் இடமளித்தல் முற்காலத்தில் ஓர் அறமாகவே கருதப்பட்டது. பெனடிக்ட் முனிவர் தம் மடத்தார்க்கு வகுத்த விதிகளில், ஐம்பத்துமூன்றாம் அதிகாரம் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே எண்ணி ஏற்கவேண்டும் என்பதைப் பற்றியது.

இனி நம் மொழியை நோக்குவோம். 'கோயில்' என்பதில் 'இல்' உண்டு. 'ஆலயம்' என்பதும் உறைவிடமே. இவற்றினுஞ் சிறந்த சான்று 'பள்ளி' என்னுஞ் சொல். பள்ளி என்பது துயிலிடம். பள்ளியறை, பள்ளிகொள்ளுதல், பள்ளியெழுச்சி என்பன காண்க. பள்ளி என்பது தொழுமிடமும் ஆம். சமணர் பள்ளி என்பது பழவழக்கு. இஸ்லாமியர் தொழுமிடம் பள்ளிவாசல். மலையாள நாட்டுக் கிறிஸ்தவர் தம் ஆலயத்தை இன்றும் பள்ளி என்றே கூறுவர். பள்ளி என்பது கல்வி பயிலிடமும் ஆம். மதுரைக்கு அண்மையில் மாங்குளத்துக் குன்றில், நெடுஞ்செழியன் பெயர் வரும் பழந்தமிழ்க் கல்வெட்டில் இச்சொல் பொறிக்கப்பட்டுள்ளது. அதன் அருகே இருப்பவை யாவை? துறவிகள் படுத்தற்கெனப் பாறையிற் செதுக்கிய படுக்கைகளே. துயிலும், தொழுகையும், கல்வியும் ஒருசொல்லின் கீழ் அடங்குதலை இழிவாக நம் முன்னோர் கருதிலர். யாக்கோபின் கற்றலையணையும் மாங்குளத்துக் கற்படுக்கையும் தம்முள் அயலானவை. எனினும் இரண்டும் உணர்த்துவது ஒன்றே. மனிதன் படுத்துறங்குதலால் இடம் தீட்டுப்படுவதில்லை.

வழக்கும் தீர்ப்பும்

இவ்வளவு கூறியபின், ஆலயம் விடுதியாதல் முற்றும் தகும் என முடித்துவிடலாமோ? அதுவும் கூடாது. இரண்டு தடைகள் உள.

முதற்றடை கூலியைப் பற்றியது. விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். தொல்காப்பியரும் அச்சொல்லைப் புதியதாகிய யாப்பினைக் குறித்து ஆள்கின்றார். ஆகவே விருந்தினன் என்பான் நம் உறவினன் அல்லன், புதியன். திருவள்ளுவர் விருந்தோம்பலை இல்லறவியலில் வைத்து ஓதினார்; பொருட்பாலில் வைத்தாரல்லர். விடுதிக்காரரோ பொருள் பெற்றே இடந்தருகின்றார். பொருளில்லாத யாக்கோபு அவர் வாயிலில் நின்றால், அவனுக்குக் கற்றலையணையே மீண்டும் கிடைக்கும். ஆதலின் விடுதி நடத்துதல் நேர்மையான தொழில் ஆகலாம். விருந்தோம்பல் என்னும் பெயருக்கு அது முழுதும் உரியதாகாது. எனினும், வீட்டுக்குடையார் தாமே உடனிருந்து, குளிரில் வந்தவனுக்குக் கணப்பு மூட்டி, காலையிற் சூடான உணவு வைத்து, போகும் வழியையும் சொல்லியனுப்புவாராயின், அவ்வறத்தின் சாயல் அங்கே இல்லையென்று கூற நாவெழாது. உடையவர் தொலைநகரில் இருக்க, கோடையிற் சில கிழமை மட்டும் திறந்து, ஏனைய நாளெல்லாம் இருண்டு கிடக்கும் மாளிகையோடு இதனை ஒப்பிடுதல் தகாது.

இரண்டாந்தடை இதனினும் வலியது; அது விடுதியைப் பற்றியதே அன்று. நாம் தொடக்கத்திற் கண்ட பெத்தேல் பின்னர் யாதாயிற்று? யெரொபெயாம் அரசன் அங்கே பொற்கன்றை நிறுவினான். அவ்விடம் அரசனது பெரும் வழிபாட்டிடமாய்ப் பலியும் பாடலும் மலிந்து விளங்கியது. அக்காலத்தில் ஆமோஸ் தீர்க்கதரிசி வந்து, பெத்தேலைத் தேடவேண்டாம் எனக் கடிந்துரைத்தார். என்னை? பலியும் பாடலும் மிக்கிருந்த அங்கே நீதி இல்லை. ஏழையைப் புடைத்துத் தள்ளினர். வழிப்போக்கன் தரையில் உறங்கிய நாளில் அது தேவனுடைய வீடாயிருந்தது. பெருங்கோயிலாய்ப் பொலிந்த நாளில் அப்பெயருக்குத் தகுதியற்றதாயிற்று. ஆலயம் ஆலயம் அல்லாததாக மாறுதற்கு விற்பனைப் பத்திரம் வேண்டுவதில்லை. மக்கள் நிறைந்திருக்கும்பொழுதே அது மாறிவிடுதல் கூடும்.

ஆகவே, எடுத்த வினாவுக்கு என் சிற்றறிவிற் கெட்டிய விடை இது. தொழுகை ஒழிந்த ஆலயத்திற் புதியவன் ஒருவன் இராத் தங்குதல் தீட்டன்று. சுவரை மதித்து, கல்லறையைப் பேணி, மலர்கொண்டு வரும் மூதாட்டிக்கு வாயிலை அடைக்காது, வந்தவனுக்கு நேர்மையாகப் படுக்கையும் உணவும் அளிக்கும் விடுதியைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. கூரை இடிந்து நாகம் குடிபுகுதலினும், மனிதன் குடிபுகுதல் நன்று. வருந்தத்தக்கது யாதெனின், அக்கட்டில் அங்கே விரிக்கப்படுமுன் நிகழ்ந்தது. ஆண்டுதோறும் ஒரு வரிசை இருக்கை வெறிதாயிற்று, முதியோர் கல்லறைக்குச் சென்றனர், இளையோர் வாரிலர், எவரும் எவரையும் தேடிச் சென்றிலர். ஆங்கிலத்திற் கட்டடத்துக்கும் கூட்டத்துக்கும் 'சர்ச்' என்னும் ஒரே சொல் வழங்குதலால் மயக்கம் உண்டாம். நமக்கோ ஆலயம் என்றும் சபை என்றும் இருசொற்கள் உள. ஆலயத்தை விற்றவர் கட்டடத்தைத்தான் விற்றனர். சபை அதற்கு முன்னரே கரைந்துபோயிற்று.

இதனைக் கற்கும் நாம், நம் ஊர்களிற் கோபுரத்தை இன்னும் பத்தடி உயர்த்தப் பணந்திரட்டுங்கால், அவ்வாலயத்திற்குப் புதிதாய் வந்த ஒருவன் எவரும் வரவேற்காமற் கடைசியிருக்கையில் அமர்ந்து, எவரும் வினவாமல் எழுந்து செல்கின்றானா என்றும் நோக்கக் கடவோம். ஸ்காட்லாந்தின் ஏழையர் காசுகாசாய்த் தந்து கட்டியதும் இத்தகைய ஆலயமே.

முடிவாக ஒன்று. ஆலயத்தில் உறங்கிய வேறொருவனும் வேதத்தில் உண்டு. சீலோவில், தேவனுடைய பெட்டி இருந்த ஆலயத்திலே, சிறுவனாகிய சாமுவேல் படுத்திருந்தான். தன்னை அழைக்கும் குரல் கேட்டு, முதியோராகிய ஏலி அழைத்தார் என எண்ணி, மும்முறை எழுந்தோடினான். நான்காம் முறை அக்குரல் யாருடையது என்பதை உணர்ந்து விடையிறுத்தான். அச்செய்தியை நாம் அனைவரும் அறிவோம். அதன்பின் அவன் விடியுமளவும் படுத்திருந்து, எழுந்து செய்த முதல் வேலையை நாம் மறந்துவிடுகின்றோம். அவன் ஆலயத்தின் கதவுகளைத் திறந்தான். நம் ஊர் ஆலயங்களில் அவ்வேலையை இன்று செய்பவர் பெரும்பாலும் முதியோரே. அவர் கைத் திறவுகோலை வாங்கிக்கொள்ள நம்முள் ஒருவர் முன்வருவாராக.